பெரிய பாதுகாப்புத்துறைக் கம்பனியின் ஈவி கணிப்பது எப்படி: லொக்ஹீட் மார்ட்டினை வைத்து ஒரு முழுக் கணக்கு

நிறுவனப் பெறுமதியை எல்லோரும் ஈவி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். சூத்திரம் ஒரு வரிதான்: பங்குகளின் சந்தைப் பெறுமதியோடு கடனைக் கூட்டு, காசைக் கழி. யாழ்ப்பாணம் கொக்குவிலில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும், சீமா, சார்ட்டர்ட் என்ற கணக்கியல் பரீட்சைகளுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை நித்திரையிலும் ஒப்புவிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் ஒரு அமெரிக்க ஆயுதக் கம்பனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்தால் ஆளுக்கொரு விடை வருகிறது. கூட்டல் கழித்தலில் பிழை இருப்பதில்லை. எந்த இலக்கத்தை எந்தப் பக்கத்தில் எடுப்பது, எதைக் கடன் என்று கொள்வது, எந்த ஒழுங்கில் போவது என்பதில்தான் பிசகுகிறார்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு போர் விமானம் செய்கிற கம்பனியின் கணக்கைப் புரட்டுவது சிலருக்கு உறுத்தும். எனக்கும் உறுத்தாமல் இல்லை. பங்கை வாங்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஓய்வூதியம், அரச முற்பணம், நீண்டகால ஒப்பந்தம், கூட்டுக் கம்பனி எல்லாம் ஒரே அறிக்கைக்குள் கிடக்கிற துறை இது. இதைப் பிரிக்கப் பழகினால் மற்றத் துறைகள் இலேசு.

1. கையில் இருக்க வேண்டியவை

முதல் வேலை கூகிளில் விடை தேடுவதல்ல. கம்பனி அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த 10-கே என்ற ஆண்டறிக்கையை எடுங்கள். ஆணைக்குழுவின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு காலாண்டு அறிக்கை, அதாவது 10-கியூ, வந்திருந்தால் அதையும் எடுங்கள். கம்பனி வெளியிடும் மினுக்கிய படப் புத்தகம் வேண்டாம். நமக்கு வேண்டிய விடயங்கள் குறிப்புகளுக்குள் இருக்கின்றன. படப் புத்தகத்தில் அவை சுருங்கிப் போகும்.

ஒரு எக்ஸல் தாள் திறந்து நான்கு நிரல்கள் போடுங்கள்: உருப்படி, தொகை, திகதி, அறிக்கையின் பக்கம். கடைசி இரண்டையும் பிள்ளைகள் அலுப்பில் விட்டுவிடுவார்கள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது அந்த இரண்டும் இல்லாத தாளால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பழகுவதற்கு லொக்ஹீட் மார்ட்டினைச் சொல்வேன். ஒரே வகைப் பங்கு, டொலரிலேயே கணக்கு, குழப்பமான துணைக் கம்பனிகள் இல்லை. இனி வரும் இலக்கங்கள் 2024 ஆம் ஆண்டறிக்கையிலிருந்து, கிட்டிய தசமத்துக்கு வட்டமாக்கியவை. எல்லாம் டொலரிலேயே இருக்கட்டும். இடையில் ரூபாவுக்கு மாற்றினால் நாணயமாற்று வீதத்தின் ஏற்ற இறக்கமும் கம்பனியின் தலையில் ஏறிவிடும்.

2. திகதியை முதலில் நிறுத்துங்கள்

விலை ஒரு நாளுடையது, கடன் இன்னொரு நாளுடையது, பங்கு எண்ணிக்கை மூன்றாவது நாளுடையது. மூன்றையும் ஒரே நாளுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒன்றையொன்று அறிந்திருக்கிற திகதிகளாகத் தெரிவுசெய்ய முடியும்.

இதன் பொருள் லொக்ஹீட்டிலேயே தெரிகிறது. ஆண்டு முடிவது டிசம்பர் 31. 2024 ஆம் ஆண்டின் முடிவுகளை 2025 ஜனவரி 28 அன்று வெளியிட்டார்கள். நான்காம் காலாண்டில் மட்டும் இரகசியத் திட்டங்களில் 1.7 பில்லியன் டொலர் நட்டம் பதிந்திருப்பது அன்றுதான் சந்தைக்குத் தெரிந்தது. பங்கு அன்றே சுமார் 9 சதவீதம் விழுந்தது. இப்போது ஒருவர் டிசம்பர் 31 விலையையும் அந்த நட்டம் கழிந்த இலாபத்தையும் சேர்த்தால், செய்தி அறியாத விலையை அறிந்த இலாபத்தால் வகுக்கிறார். ஐந்தொகைத் திகதியும் விலைத் திகதியும் ஒன்றாக இருப்பதால் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். விடை பிழை.

ஆகவே விதி இது: அறிக்கை வெளிவந்த பின்னான விலையை எடுங்கள். இந்தப் பயிற்சிக்கு அந்தச் சரிவுக்குப் பின்னான மட்டத்தில் 460 டொலர் என்று வட்டமாகப் போடுகிறேன். நீங்கள் செய்யும் நாளில் அந்த நாளின் விலையைப் போடுங்கள்.

நம் நேரத்தால் வருகிற சின்னச் சிக்கல் ஒன்று. நியூயோர்க் சந்தை மூடும்போது யாழ்ப்பாணத்தில் அடுத்த நாள் அதிகாலை ஒன்றரை மணி. அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டரை. காலையில் எழும்பித் தொலைபேசியில் பார்க்கிற விலைக்கு முதல் நாள் திகதியைத்தான் எழுத வேண்டும்.

காலாண்டு முடிவுகளையும் கவனியுங்கள். லொக்ஹீட் இடைக் காலாண்டுகளை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் மூடுகிறது. 2025 இன் முதற் காலாண்டு முடிந்தது மார்ச் 30 இல், 31 இல் அல்ல. இந்தியாவின் ஹிந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸின் ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. பிரித்தானியாவின் பிஏஈ சிஸ்டம்ஸ் முழு நிதிக்கூற்றுகளை அரையாண்டுக்கு ஒருமுறைதான் தருகிறது. ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இதை இப்போதே தாளில் எழுதிவிடுங்கள்.

3. பங்கு எண்ணிக்கை: முன்னட்டையிலிருந்து

வருமானக் கூற்றின் அடியில் பங்கொன்றுக்கான உழைப்புக்குப் பக்கத்தில் ஒரு எண்ணிக்கை இருக்கும். அது கண்ணில் முதலில் படுவதால் அநேகர் அதையே எடுப்பார்கள். அது ஆண்டு முழுவதுக்குமான நிறையிட்ட சராசரி. லொக்ஹீட்டுக்கு 2024 இல் சுமார் 239 மில்லியன். 10-கே முன்னட்டையில் 2025 ஜனவரித் திகதியுடன் இருப்பது சுமார் 235 மில்லியன்.

வித்தியாசத்துக்குக் காரணம், கம்பனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்குவது. 2024 இல் மட்டும் 3.7 பில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். அதற்குச் செலவான காசு ஐந்தொகையில் ஏற்கெனவே குறைந்துவிட்டது. பழைய எண்ணிக்கையைப் போட்டால், செலவான காசையும் அது வாங்கிய பங்கையும் இரண்டு பக்கமும் எண்ணுகிறீர்கள்.

முன்னட்டை எண்ணிக்கையோடு, ஊழியருக்குக் கொடுக்க உறுதியளித்த பங்குகளையும் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சராசரிக்கும், இந்தப் பங்குகளையும் சேர்த்து எண்ணிய நீர்த்த சராசரிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இங்கே சுமார் 1 மில்லியன். ஆக 236 மில்லியன். 460 ஆல் பெருக்க 108.6 பில்லியன் டொலர்.

அரசே பெரும்பங்கு வைத்திருக்கிற கம்பனிகளில் இன்னொரு பிழை நடக்கும். ஹிந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸில் இந்திய அரசுக்கு 71.64 சதவீதம். சில தளங்கள் சந்தையில் கைமாறக்கூடிய மிச்சப் பங்கின் பெறுமதியை மட்டும் காட்டும். ஈவிக்கு முழுப் பங்கும் வேண்டும். அரசின் பங்கும் பங்குதான்.

4. கடன்: இரண்டு வரிகள், ஒரு குறிப்பு

வகுப்பில் வழமையாக வருகிற கேள்வி: “சேர், கடன் கூடினால் கம்பனியின் பெறுமதி ஏன் கூட வேணும்?”

கூடுவதில்லை, பிள்ளை. கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையை உரிமையாளர் ஐந்து கோடிக்குத் தருகிறார் என்று வையுங்கள். கடைக் கட்டடம் வங்கியில் இரண்டு கோடிக்கு ஈட்டில் இருக்கிறது, லாச்சிக்குள் ஐம்பது லட்சம் காசு இருக்கிறது. நீங்கள் உரிமையாளருக்குக் கொடுப்பது ஐந்து கோடி. ஈட்டையும் மீட்க வேண்டும், லாச்சிக் காசும் உங்களுக்குத்தான். கடை என்ற தொழிலுக்கு உண்மையில் விழுகிற விலை ஆறரைக் கோடி. ஈட்டுத் தொகை கூடியிருந்தால் உரிமையாளர் கேட்கிற விலை இறங்கியிருக்கும். ஆறரை அப்படியே நின்றிருக்கும்.

லொக்ஹீட்டின் கடன் 20.3 பில்லியன் டொலர். இதில் 19.6 நீண்டகாலக் கடன் வரியில் இருக்கிறது. மிச்சம் 0.6 சொச்சம் ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது. அது நடைமுறைப் பொறுப்புகளுக்குள் தனி வரியில் கிடக்கும். புதியவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது வரியை. இங்கே சின்னத் தொகை. வேறொரு வருடத்தில் பல பில்லியனாக இருக்கலாம். குறுங்கால வணிகத்தாள் கடன் இருந்தால் அதையும் இங்கேயே சேருங்கள்.

பிறகு கடன் குறிப்பைத் திறவுங்கள். பழைய உயர்வட்டிப் பத்திரங்களைப் புதியவற்றுக்கு மாற்றியதால் வந்த கழிவு அங்கே தனியாகக் காட்டப்பட்டிருக்கும். ஐந்தொகையில் உள்ளது கழிவு போன தொகை. திருப்பிக் கட்ட வேண்டியது அதைவிடக் கூட. நான் ஐந்தொகைத் தொகையையே எடுக்கிறேன், ஏனெனில் ஒப்பிடும் மற்றக் கம்பனிகளுக்கும் அதுதான் கைக்கு வரும். நீங்கள் முகப்பெறுமதியை எடுப்பதானால் எல்லாக் கம்பனிக்கும் எடுங்கள்.

குத்தகைப் பொறுப்பில் அவதானம் தேவை. கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகளின் அறிக்கையில் பழகியவர்களுக்குக் குத்தகை என்றால் கடன்தான்; எங்கள் கணக்கீட்டு நியமம் அப்படி. பிஏஈ, தலேஸ் போன்ற ஐரோப்பியக் கம்பனிகளும் அதே வழி. அமெரிக்க முறையில் செயற்பாட்டுக் குத்தகையின் வாடகை செலவாகவே நின்று இலாபத்தைக் குறைக்கிறது. ஆகவே அமெரிக்கக் கம்பனிக்கு அந்தப் பொறுப்பைக் கடனில் கூட்டினால் வாடகையை எபிட்டாவில், அதாவது வட்டி, வரி, தேய்வு, அமோர்டைசேஷன் எல்லாம் கழிக்க முந்திய இலாபத்தில், திருப்பிக் கூட்ட வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் கம்பனி தேவையில்லாமல் விலை கூடியதாகத் தெரியும். இந்தக் கணக்கில் இரண்டையும் விடுகிறேன்.

5. காசு: யாருடைய காசு?

லொக்ஹீட்டின் ஐந்தொகையில் காசும் காசுக்குச் சமமானவையும் 2.5 பில்லியன். கழித்துவிட்டு நகரலாம் போலத் தோன்றும். ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பாதுகாப்புத்துறையில் வாடிக்கையாளர் அரசு. விமானமோ கப்பலோ முடியும் முன்பே அரசு பணம் தருகிறது. எவ்வளவு முன்கூட்டித் தருவது என்பதும் அரசின் கொள்கை. 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரம், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் பெரிய கம்பனிகளுக்கு வேலை நடக்கும்போதே கொடுக்கும் கொடுப்பனவை செலவின் 80 சதவீதத்திலிருந்து 90 ஆக உயர்த்தியது. கம்பனி ஒரு ஆணியும் கூட அடிக்காமல் காசு நிலை மாறியது.

ஆகவே இரண்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தப் பொறுப்பு என்றால் வேலை செய்யாமல் முன்கூட்டி வாங்கிய பணம். ஒப்பந்தச் சொத்து என்றால் வேலை செய்தும் விலைப்பட்டியல் போடாத பணம். லொக்ஹீட்டில் முன்னது 9.8 பில்லியன், பின்னது 13.0 பில்லியன். நிகரமாகப் பார்த்தால் கம்பனிதான் அரசுக்கு முன்கூட்டிச் செலவழித்திருக்கிறது. எனவே 2.5 பில்லியனை முழுதாகக் கழிக்க எனக்குத் தயக்கம் இல்லை.

மறுபக்கம் ஹிந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ். அங்கே பெரிய வங்கி வைப்புகள் உண்டு. கூடவே வாடிக்கையாளரிடம் வாங்கிய முற்பணமும் பெரிதாக இருக்கும். காசு முழுவதையும் கழித்தால் ஈவி சந்தைப் பெறுமதியை விட நன்றாகக் கீழே வந்து, கம்பனி மலிவாகத் தெரியும். அந்தக் காசின் ஒரு பகுதி இனி வாங்க வேண்டிய இயந்திரத்துக்கும் பொருளுக்கும் போக இருப்பது. இப்படியான கம்பனிக்கு நான் இரண்டு ஈவி போடுவேன்: காசு முழுதும் கழித்தது ஒன்று, நிகர முற்பணத்தை விட்டு மிச்சக் காசை மட்டும் கழித்தது மற்றது. எது சரி என்று ஒற்றை விடை இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள அகலமே ஒரு தகவல்.

6. ஓய்வூதியம்: கடன் என்ற பெயர் இல்லாத கடன்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஆயத்த ஈவி தருகிற தளங்களில் அநேகமானவை இதைத் தொடுவதே இல்லை.

லொக்ஹீட் தன் பழைய ஊழியருக்கு ஓய்வூதியம் கொடுக்கக் கடமைப்பட்டது. அதற்கென ஒதுக்கிய நிதியில் உள்ளதை விடக் கொடுக்க வேண்டியது கூட. 2024 முடிவில் பற்றாக்குறை சுமார் 4.8 பில்லியன் டொலர். கட்டியே ஆக வேண்டிய தொகை, எனவே கடன். நிதிக்குக் காசு போடும்போது வரிச் சலுகை கிடைப்பதால் 21 சதவீத வரியைக் கழித்து 3.8 பில்லியனாகக் கொள்ளலாம்.

ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு அதே ஆண்டே சாட்சி. 2024 நான்காம் காலாண்டில் கம்பனி ஓய்வூதிய நிதிக்கு 990 மில்லியன் டொலரை முற்கூட்டியே போட்டது. காசு 990 மில்லியன் குறைந்தது. பற்றாக்குறையும் அதேயளவு குறைந்தது. ஓய்வூதியத்தை எண்ணாதவரின் தாளில் நிகரக் கடன், அதாவது கடனில் காசு போன மிச்சம், திடீரென ஒரு பில்லியன் கூடும். உண்மையில் ஒரு கடமைக்குரிய பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போனது, அவ்வளவுதான்.

இத்துடன் முடியவில்லை. அமெரிக்க அரச ஒப்பந்த விதிகளின்படி, கம்பனி ஓய்வூதியச் செலவை ஒப்பந்த விலைக்குள் சேர்த்து அரசிடம் அறவிடலாம். அந்த விதிகளின்படி வரும் செலவு ஒன்று. நிதிக்கூற்று விதிகளின்படி வரும் செலவு இன்னொன்று. இரண்டின் வித்தியாசம் தலைமையக மட்டத்தில் இலாபத்தோடு திரும்பக் கூட்டப்படுகிறது.

அறிக்கையில் பிரிவுகளின் இலாபப் பட்டியலைத் திறந்தால் இது கண்ணுக்குத் தெரியும். நான்கு பிரிவுகளின் செயற்பாட்டு இலாபம் சேர்ந்து 2024 இல் 6.1 பில்லியன். கம்பனியின் மொத்தச் செயற்பாட்டு இலாபமோ 7.0 பில்லியன். தலைமையகச் செலவு போனால் மொத்தம் குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது என்று பிள்ளைகள் திகைப்பார்கள். சுமார் 1.6 பில்லியன் அளவான அந்த ஓய்வூதியச் சீராக்கமே தலைமையகச் செலவையும் தாண்டி மொத்தத்தைத் தூக்கியது.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், எபிட்டாவை 12 மடங்கில் பெறுமதியிடும்போது, அதாவது ஈவி எபிட்டாவின் 12 மடங்கு என்று கொள்ளும்போது, இந்த 1.6 பில்லியனும் 12 ஆல் பெருகி 19 பில்லியனாகிறது. விமானம் விற்று வரும் இலாபம் போல இது என்றென்றும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் முதல் கணக்கில் அதை எபிட்டாவுக்குள்ளேயே விட்டுவிடுகிறேன். பிறகு கழித்தும் ஒருமுறை பார்க்கிறேன். கழிக்காமல் மட்டும் பார்ப்பவர் தான் எதற்கு விலை போடுகிறார் என்று அறியாமல் போடுகிறார்.

7. பாதிச் சொந்தக் கம்பனிகள்

லொக்ஹீட்டில் இது சுருக்கம். ரொக்கெட் ஏவும் யுனைட்டெட் லோஞ்ச் அலையன்ஸில் அதற்கும் போயிங்குக்கும் ஆளுக்கு 50 சதவீதம். அதன் விற்பனையோ கடனோ லொக்ஹீட்டின் கூற்றில் வரிவரியாகச் சேராது. இலாபப் பங்கு மட்டும் வரும். லொக்ஹீட் அந்தப் பங்கைச் செயற்பாட்டு இலாபத்துக்குள் வைத்திருப்பதால் ஈவியிலிருந்து எதையும் கழிக்க வேண்டியதில்லை. கழிப்பதானால் இலாபத்திலும் கழிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இது பெரிது. ஏவுகணை செய்யும் எம்பிடிஏயில் பிஏஈக்கு 37.5, எயர்பஸ்ஸுக்கு 37.5, லியனார்டோவுக்கு 25 சதவீதம். போர்க்கப்பல் கட்டும் நேவல் குரூப்பில் தலேஸுக்கு 35. ஒவ்வொரு கம்பனியும் அந்த இலாபத்தை எந்த வரியில் வைத்திருக்கிறது என்று பார்த்த பிறகே ஈவியில் கைவையுங்கள்.

தலைகீழ் நிலையும் உண்டு. அமெரிக்காவின் லியனார்டோ டிஆர்எஸ்ஸில் பெரும்பான்மை மட்டுமே இத்தாலிய லியனார்டோவுக்கு. ஆனால் டிஆர்எஸ்ஸின் எபிட்டா முழுதும் தாய்க் கம்பனியின் கூற்றில் சேர்கிறது. அதனால் வெளியாருடைய பங்கின் பெறுமதியை ஈவியில் கூட்ட வேண்டும். டிஆர்எஸ் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டிருப்பதால் அந்தப் பெறுமதியைச் சந்தை விலையில் எடுங்கள். ஐந்தொகையில் உள்ள புத்தகப் பெறுமதியில் அல்ல.

8. கூட்டுவோம்

பங்குகளின் பெறுமதி 108.6. கடன் 20.3 கூட்ட 128.9. காசு 2.5 கழிக்க 126.4 பில்லியன் டொலர். இது பாடப்புத்தக ஈவி. வரி போன ஓய்வூதியப் பற்றாக்குறை 3.8 ஐக் கூட்ட 130.2.

தாளில் இரண்டையும் வைத்திருங்கள். முதலாவது இணையத் தளங்களோடு ஒத்துப்பார்க்க, இரண்டாவது யோசிக்க. உங்கள் முதலாவது இலக்கம் ஒரு தளத்தோடு ஒரு பில்லியன் இரண்டு பில்லியன் விலகினால் பதற வேண்டாம். பங்கு எண்ணிக்கையும் குத்தகையும்தான் வழமையான காரணம். பத்துப் பில்லியன் விலகினால் உங்கள் பக்கம் ஒரு வரி தவறியிருக்கிறது, அல்லது மில்லியனும் பில்லியனும் கலந்திருக்கிறது. 10-கேயில் அட்டவணைகள் மில்லியனில் இருக்கும், விவரணப் பகுதியில் பில்லியன் என்று எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைகள் நடுவில் கோடிக்கும் மாற்றிப் பார்ப்பார்கள். தாள் முழுதும் ஒரே அலகு இருக்கட்டும்.

9. எதால் வகுப்பது

ஈவியை மட்டும் வைத்துக்கொண்டு கம்பனி மலிவா விலை கூடியதா என்று சொல்ல முடியாது. வகுக்கும் இலக்கத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. மடங்கு எவ்வளவு என்று முதலே தெரிந்துவிட்டால், ஓய்வூதியத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவை விரும்பிய விடைக்கு ஏற்றபடி மனம் எடுத்துவிடும்.

செயற்பாட்டு இலாபம் 7.0, பெறுமானத் தேய்வும் அமோர்டைசேஷனும் சுமார் 1.6. எபிட்டா 8.6 பில்லியன். 130.2 ஐ வகுக்க 15.1 மடங்கு.

இப்போது சலனம் வரும். 2024 முழுதும் இரகசியத் திட்டங்களில் பதிந்த நட்டம் 2.0 பில்லியன். ஒருமுறை வந்த நட்டம்தானே, திருப்பிக் கூட்டினால் எபிட்டா 10.6, மடங்கு 12.3. அநேக ஆய்வாளர் அறிக்கைகள் இப்படித்தான் போகும். நிர்வாகமும் அதையே விரும்பும்.

ஆனால் 2025 ஜூலையில் அதே கம்பனி இன்னொரு 1.6 பில்லியன் நட்டம் பதிந்தது. அதில் 950 மில்லியன் முன்பு நட்டம் காட்டிய அதே இரகசிய விமானத் திட்டத்தில். 570 மில்லியன் கனடாவின் கடல்சார் ஹெலிகொப்டர் திட்டத்தில். துறையைச் சுற்றிப் பார்த்தாலும் இதே கதைதான். நோர்த்ரோப் குரும்மன் பி-21 குண்டுவீச்சு விமானத்துக்கு 2023 நான்காம் காலாண்டில் 1.56 பில்லியன் நட்டம் எழுதியது. போயிங் கேசி-46 எரிபொருள் நிரப்பும் விமானத்தில் இதுவரை இழந்தது 7 பில்லியனுக்கு மேல். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றை நிலையான விலைக்குச் செய்து தருவதாகக் கையெழுத்திட்டால், செலவு கூடும்போது அது கம்பனியின் தலையில்தான் விழும். இது இந்தத் தொழிலின் இயல்பான செலவு. தற்செயல் விபத்து அல்ல.

எனவே நட்டத்தை முழுதாகத் திருப்பிக் கூட்டவும் வேண்டாம், ஒரே ஆண்டில் முழுதாக விழுத்தவும் வேண்டாம். கடந்த ஐந்து வருட அறிக்கைகளில் இப்படியான நட்டங்களைத் தேடிக் கூட்டி, ஐந்தால் வகுத்து, அந்தச் சராசரியை ஒவ்வொரு வருடத்துச் செலவாகக் கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான். 12.3 க்கும் 15.1 க்கும் இடையில் எங்கே நிற்பது என்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஓய்வூதியச் சீராக்கத்தையும் இங்கே கழித்துப் பாருங்கள்: 10.6 இலிருந்து 1.6 போக 9.0, மடங்கு 14.5. ஒரே கம்பனி, ஒரே நாள், மூன்று மடங்குகள். யாராவது ஒரே ஒரு மடங்கைச் சொல்லி மலிவு என்றால், எந்த எபிட்டா என்று கேளுங்கள். கனடாவிலிருந்து தொலைபேசியில் அறிவுரை கேட்கிற மச்சானுக்கும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கொடுக்க வேண்டும்.

10. கட்டளைக் கையிருப்பைக் கூட்டாதீர்கள்

செய்யக் கொடுத்து இன்னும் முடியாத வேலைகளின் மொத்தம் லொக்ஹீட்டுக்கு 2024 முடிவில் 176 பில்லியன் டொலர். ஈவியை விடப் பெரிய தொகை என்பதால், இவ்வளவு இருக்கையில் கம்பனி மலிவு என்று முடிவெடுப்பவர்கள் உண்டு.

அது சொத்தல்ல, இனி வரப்போகிற விற்பனை. அதற்குரிய செலவு எல்லாம் இனித்தான் வரும். ஆண்டு விற்பனையான 71 பில்லியனால் வகுத்தால் இரண்டரை வருட வேலை கையில் இருக்கிறது என்று தெரியும். விற்பனை சடுதியாக விழாது என்ற நம்பிக்கைக்கு அது உதவும். அதில் நட்டத்தில் ஓடும் ஒப்பந்தங்களும் அடங்கும் என்பதை 9 ஆம் படியிலேயே பார்த்தோம். தாளில் தனி வரியில் எழுதுங்கள், ஈவிக்குள் கொண்டுவர வேண்டாம்.

11. உண்மையான விற்பனை ஒன்றில் உரசிப் பாருங்கள்

முறை பிடிபட்டதா என்று சோதிக்க, நடந்த ஒரு பேரத்தின் அறிவிப்பை எடுத்துப் பிரிப்பது நல்லது. 2020 டிசம்பரில் லொக்ஹீட், ரொக்கெட் இயந்திரம் செய்யும் ஏரோஜெட் ரொக்கெட்டைனை வாங்குவதாக அறிவித்தது. பங்கொன்றுக்கு 56 டொலர். ஏரோஜெட் தன் பங்குதாரருக்கு 5 டொலர் விசேட பங்கிலாபம் கொடுத்த பின் 51. செய்திகளில் 5.0, 4.6, 4.4 பில்லியன் என்று மூன்று தொகைகள் ஓடின.

மூன்றும் சரி. 56 டொலர்ப்படி எல்லாப் பங்குகளின் பெறுமதி 5.0. பங்கிலாபம் வெளியேறிய பின் 4.6. ஏரோஜெட்டிடம் எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்த்த நிகரக் காசையும் கழித்தால் தொழிலுக்கான விலை 4.4, அதாவது ஈவி. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வழக்குப் போட, 2022 பெப்ரவரியில் லொக்ஹீட் பின்வாங்கியது.

2023 ஜூலையில் எல்3ஹாரிஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பாதுகாப்புத்துறைக் கம்பனி பங்கொன்றுக்கு 58 டொலர் கொடுத்து அதே கம்பனியை வாங்கியது. அறிவித்த 4.7 பில்லியன் நிகரக் கடனையும் உள்ளடக்கியது. இரண்டு பேரங்களையும் ஒப்பிட 4.7 ஐ எதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்? 5.0 க்குப் பக்கத்தில் வைத்து எல்3ஹாரிஸ் மலிவாக வாங்கியது என்று எழுதினால், 2 ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சரியான சோடி 4.4 உம் 4.7 உம்.

12. காலாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை

புதிய 10-கியூ வந்ததும் முன்னட்டைப் பங்கு எண்ணிக்கை, இரண்டு கடன் வரிகள், காசு, ஒப்பந்தச் சொத்து, ஒப்பந்தப் பொறுப்பு ஆகியவற்றை மாற்றுங்கள். எபிட்டாவுக்குக் கடந்த நான்கு காலாண்டுகளைக் கூட்டுங்கள். ஒரு காலாண்டை நான்கால் பெருக்க வேண்டாம், ஏனெனில் நட்டம் பதிந்த காலாண்டு அகப்பட்டால் மொத்தமும் கெட்டுவிடும். ஓய்வூதியப் பற்றாக்குறை முழுமையாக மறுமதிப்பிடப்படுவது பொதுவாக ஆண்டு முடிவில்தான். இடையில் கம்பனி நிதிக்குக் காசு போட்டதா என்று காசுப்பாய்ச்சல் கூற்றில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.